அமம கதவ தற

ஒன்பதாவது மாடியில் அந்த ஒரு வீட்டின் கதவு மட்டும் அகலத் திறந்து கிடந்தது.

"நல்ல காத்தோட்டமான வீடு போல," என்றாள் பிழை, லிஃப்டை விட்டு இறங்கியபடி.

"எதிர்வீட்டைப் பாரு," என்றார் டெஸ்டர்.

எதிர்வீட்டுக் கதவில் பழைய பூட்டுக்கு மேலே புதிதாக இன்னொரு பூட்டு. வாசலில் கிடக்க வேண்டிய செருப்புகள்கூட உள்ளே போய்விட்டன. அடுத்த வீட்டு ஜன்னல் திரை ஓர் அங்குலம் விலகி, இவர்களைப் பார்த்ததும் மூடிக்கொண்டது. திறந்து கிடந்த ஒரு கதவுக்குப் பயந்து அந்தத் தளமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

 பயம் வந்தால் பிழைக்கு வாய் நீளும். இருபது வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவள். ஓர் ஒற்றெழுத்துக்காக முதலாளியோடு மல்லுக்கு நின்று வெளியே வந்தவள். அன்றிலிருந்து டெஸ்டருக்கு உதவியாள். பிழை என்று பெயர் வைத்ததும் அவர்தான். அவர் முன்பு மென்பொருள் கம்பெனிகளில், மற்றவர்கள் எழுதிய நிரல் எங்கே தட்டினால் உடையும் என்று கண்டுபிடித்துச் சொல்லும் வேலையில் இருந்தார். இப்போது மனிதர்கள் சொல்லும் கதைகளை அதே மாதிரி தட்டிப் பார்க்கிறார்.

அவர்களை வரச்சொன்ன மகள் வாசலிலேயே நின்றிருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அம்மா உள்ள இருக்காங்க சார். அவங்க சொல்றதுக்கெல்லாம் தலையாட்டிடாதீங்க. என் தம்பி தவறிப் பதினாலு மாசம் ஆச்சு. மூணு வாரமா அவன் தினமும் சாயங்காலம் கூப்பிடறான்னு சொல்றாங்க. யாரோ எங்களை இங்கேருந்து கிளப்பப் பார்க்கிறாங்க. அது யாருன்னு தெரிஞ்சாப் போதும்."

உள்ளே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவரை அந்தக் கட்டடமே நர்ஸம்மா என்றுதான் அழைத்தது. பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். புடவை மடிப்பில் ஒரு கசங்கல் இல்லை.

"என்னைப் பயித்தியம்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தாளா?" என்றார்.

"இல்லம்மா. எங்களைத்தான் அப்படிச் சொல்லுவாங்க," என்றாள் பிழை.

நர்ஸம்மாவின் உதடு லேசாக அசைந்தது. "முப்பது வருஷம் செத்தவங்க பக்கத்துல நின்னு வேலை பார்த்தவ நான். பேய், பிசாசுன்னு ஒரு நாள் பயந்தது கிடையாது. இப்பவும் பயப்படலை. என் பையன் வர்றான், நான் கதவைத் திறந்து வைக்கிறேன். அவ்வளவுதான்."

கதவுக்குப் பக்கத்துச் சுவரில் உள்ளங்கை அளவு திரை ஒன்று இருந்தது. கீழே கேட்டுக்கு வருகிறவர்கள் அங்கே இருக்கும் மெஷினில் வீட்டு எண்ணைத் தொட்டு, வந்த காரியத்தை அடித்தால் அது இந்தத் திரையில் தெரியும். இங்கே பச்சைப் பொத்தானைத் தொட்டால் கேட் திறக்கும்.

ஆறு மணி பத்து நிமிடம்.

டிங் என்று ஒரு சத்தம். திரை வெளிச்சமானது.

*அமம கதவ தற*

 நர்ஸம்மா எழுந்து போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்தினார். கீழே கேட் திறக்கும் ஓசை ஒன்பது மாடி ஏறி மெல்லியதாய்க் கேட்டது. அவர் வாசற்படியில் போய் நின்றார். லிஃப்ட் வரவில்லை. படியில் காலடி இல்லை. பத்து நிமிடம் அப்படியே நின்றுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணாம் வகுப்புல இப்படித்தான் எழுதுவான்," என்றார், யாரையும் பார்க்காமல். "கால் போட மாட்டான், புள்ளி வைக்க மாட்டான். உட்கார வச்சு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். எல்லாத்தையும் மறந்துட்டு, சின்னப் பையனா ஆகி வர்றான்."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

லிஃப்டில் இறங்கும்போது மகள்தான் மீதியைச் சொன்னாள். அம்மாவுக்கும் தம்பிக்கும் பெரிய சண்டை. அவன் வீட்டுக்காரர்களுக்கான கேட் அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டுப் போய்விட்டான். மூன்று வாரம் அவன் போனை அம்மா எடுக்கவே இல்லை. அப்புறம் ஒரு நாள் மேம்பாலத்தில் லாரி மோதியது.

"வீட்டுக்கு வர்ற பக்கம் இல்ல சார், போற பக்கம். அவன் சமாதானத்துக்கு வரவே இல்லைங்கிறதுதான் அம்மாவுக்குத் தீராத வலி. நானும் சும்மா இருக்காம, 'நீ ஒரு தடவை போனை எடுத்திருந்தா அவன் இருந்திருப்பான்'னு சொல்லிட்டேன்."

தெருவுக்கு வந்ததும் டெஸ்டர் கேட்டார். "என்ன தோணுது?"

"எனக்கு ஓடணும்னு தோணுது சார்."

"அதுக்கு அப்புறம்?"

பிழை நடையை நிறுத்தினாள். "அம்மா கதவு திற. அதுதான் அது. ஆனா தப்பு அடிச்ச விதம் சரியில்லை. கை தடுமாறுறவன் ஒரு இடத்துல புள்ளியை விடுவான், இன்னொரு இடத்துல வைப்பான். நான் இருபது வருஷம் பார்த்திருக்கேன், மனுஷன் தப்பை ஒழுங்கா பண்ண மாட்டான். இதுல கால், சுழி, புள்ளி ஒண்ணு விடாம உதிர்ந்திருக்கு. குழந்தைகூட இவ்வளவு சுத்தமா தப்பு பண்ணாது."

"பேய்?"

"பேய்க்கு இலக்கணம் தெரியுமான்னு எனக்குத் தெரியாது. நேரம் தவறாம வருதேன்னுதான் யோசனையா இருக்கு."

"அந்தத் திரையிலேயே பழைய செய்தியெல்லாம் இருந்துச்சு, பார்த்தேன்," என்றார் டெஸ்டர். "இருபத்தோரு நாள். ஆறு பத்து, இருபத்திரண்டு நொடி. தினமும் அதே நொடி. ஒரே ஒரு நாள் மட்டும் வரலை. அன்னிக்குக் கீழே கேட் பக்கம் சாயங்காலம் பூரா கரண்ட் இல்லையாம். மாடியில இருந்துச்சு."

"அப்போ கேட்லேருந்துதான் வருது."

"கேட்ல எதுலேருந்துன்னு அந்த மென்பொருளை எழுதினவர்கிட்ட கேட்போம்."

அந்தக் கட்டடத்துக்குக் கேட் மென்பொருள் எழுதிய புரோகிராமருக்கு மருந்துக்கடை மாடியில் ஓர் அறைதான் ஆபீஸ். மறுநாள் காலை பத்து மணிக்கே அவர் கண்கள் சிவந்திருந்தன. ஒன்பதாவது மாடி என்றதுமே கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நானும் பார்த்தேன் சார். யார்கிட்டயும் சொல்லலை."

"எழுத்து ஏன் உதிருது?"

"அது என் தப்பு. வெளியிலேருந்து வர்ற எந்த எழுத்தையும் நம்பி உள்ள விடக்கூடாது. பேர் கேட்டா யாராவது நிரலையே அடிச்சு அனுப்புவாங்க; அது உள்ள போய் ஆட்டிவைக்கும். அதனால வாசல்லயே ஜாவா நிரல்ல ஒரு சல்லடை வைப்போம். என்னென்ன எழுத்து வரலாம், எவ்வளவு நீளம் வரலாம், எத்தனை வரி வரலாம்னு. புது கேட் மெஷினுக்கு வச்ச சல்லடை சரியா இருக்கு. பழைய மெஷின் பேசிக்கிட்டிருந்த வழி ஒண்ணு உண்டு. அதை மூடாம விட்டுட்டேன்."

"அதுல என்ன சல்லடை?"

"முன்னாடி இங்கிலீஷ் எழுத்தைத் தவிர எது வந்தாலும் திருப்பி அனுப்பிடும். மூணு வாரம் முன்னாடி யாரோ வெளியாள் அந்த வழியில கண்டதை அனுப்பி நோண்டிப் பார்த்தான். பதறிப் போய் அவசரமா மாத்தினேன். இப்போ எந்த மொழி எழுத்தா இருந்தாலும் எடுத்துக்கும். எழுத்தும் இடைவெளியும் தவிர மத்ததை உதறிடும். முதல் வரிக்கு அப்புறம் இருக்கிறதையும் வெட்டிடும்."

பிழைக்குச் சுருக்கென்றது. "கால், கொம்பு, புள்ளியெல்லாம் எழுத்து இல்லையா?"

"ஜாவாவுக்கு இல்லக்கா. அதுக்குக் 'க' எழுத்து. பக்கத்துல ஒட்டிக்கிற கால் வெறும் குறி. ரெண்டும் வேற வேற வகை. நான் எழுத்து வகையை மட்டும் அனுமதிச்சேன். குறி வகையைச் சேர்க்க விட்டுப்போச்சு."

"உயிரை எடுத்துட்டு உடம்பை மட்டும் உள்ள விட்டிருக்கு உங்க சல்லடை."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. 

"அப்போ செய்தி பழைய வழியில வருது," என்றார் டெஸ்டர். "எழுத்து உடைஞ்சிருக்கிற விதமே எந்தச் சல்லடையில சலிச்சதுன்னு சொல்லிடுச்சு. அந்தப் பழைய மெஷின் எங்கே இருக்கு?"

புரோகிராமர் கைகளைப் பிசைந்தார். "அதுதான் சார் நான் தூங்காததுக்குக் காரணம். அந்த மெஷினைக் கழட்டி எட்டு மாசம் ஆச்சு. அது எங்கேயும் இல்லை. ஆனா தினமும் ஆறு பத்துக்கு அதுதான் பேசுது."

தெருவில் இறங்கிய பிறகு பிழை சொன்னாள். "செத்துப்போன மெஷின்ல செத்துப்போன பையன். சார், இந்த மாசம் நான் லீவு எதுவும் எடுக்கலை, ஞாபகம் இருக்கட்டும்."

"எட்டு மாசம்னு சொன்னார். கழட்டினதுன்னு சொன்னார். தூக்கிப் போட்டதுன்னு சொல்லலை," என்றார் டெஸ்டர்.

கேட்டில் மகள் வந்து சேர்ந்துகொண்டாள். வாட்ச்மேன் நல்ல மனிதர். பழைய மெஷின் என்றதும் நினைவே வரவில்லை அவருக்கு. கழட்டின சாமான்களைப் போடும் மீட்டர் அறையை டெஸ்டர் கேட்டதும் முகம் மாறியது.

"சாவி தர்றேன். கூட வரச் சொல்லாதீங்க. இருட்டினா அந்த ரூம் கதவுக்கு அடியில வெளிச்சம் தெரியும். பல்பு ஃபியூஸ் போய் ரொம்ப நாளாச்சு."

மீட்டர் அறையில் ஒட்டடையும் சூடேறிய கம்பி வாசனையும் இருந்தன. உடைந்த நாற்காலிகள், கழற்றிய அறிவிப்புப் பலகை, பெயிண்ட் டப்பாக்கள். டெஸ்டர் டார்ச்சை அணைத்தார்.

"சார், அதை எதுக்கு அணைக்கிறீங்க?"

"பேசாம இரு."

இருட்டு பழகியதும் தெரிந்தது. அறிவிப்புப் பலகைக்குப் பின்னால், சுவரில், நீலமாய் ஒரு கசிவு. யாரோ உள்ளே உட்கார்ந்து மெல்ல மூச்சுவிடுகிற மாதிரி. பிழை தன்னை அறியாமல் மகளின் கையைப் பிடித்தாள். 

டெஸ்டர் பலகையை நகர்த்தினார். சுவரைப் பார்த்துச் சாய்த்து வைத்த ஒரு டேப்லெட். கழற்றி வைத்தவர் சார்ஜர் ஒயரைப் பிளக்கிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். எட்டு மாதமாக அது சுவரைப் பார்த்துக்கொண்டே விழித்திருந்தது.

அவர் அதைத் திருப்பினார். பூட்டிய திரையில் தூசுக்குள்ளே இரண்டே வரி.

*அனுப்பப்படாத செய்தி: 1*

*அம்மா கதவு திற…*

காலும் சுழியும் புள்ளியும் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கீழே சிறிய எழுத்தில் ஒரு தேதியும் மாலை ஆறு பத்தும்.

தேதியைப் படித்த மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னிக்குத்தான்," என்றாள். "அன்னிக்கு ஏழு மணிக்குத்தான் பாலத்துல..."

 டெஸ்டர் பேசியபோது பிழை அதுவரை கேட்டிராத குரல் அது.

"உங்க தம்பி வந்திருக்கார்மா. அட்டை இல்லாததால இந்த மெஷின்ல அடிச்சிருக்கார். இது 'அனுப்பியாச்சு, காத்திருக்கவும்'னு உடனே காட்டிடும்; உள்ள போய்ச் சேர்ந்துச்சான்னு பார்க்காமலே காட்டிடும். சல்லடை இருக்கிற சர்வர், தமிழ்னு பார்த்துத் திருப்பி அனுப்பிடுச்சு. மெஷின் சளைக்காம தினமும் அதே நேரத்துக்கு மறுபடி அனுப்பிப் பார்த்திருக்கு. நானூறு நாள் வாசல்லயே திரும்பிடுச்சு. மூணு வாரம் முன்னாடி சல்லடை மாறினதும் உடைஞ்ச எழுத்தா மேல போக ஆரம்பிச்சது. தான் அனுப்பினதும், 'கிடைச்சது'ன்னு சர்வர் திருப்பிக் காட்டினதும் ஒத்துப்போகாததால இது நம்பலை. இன்னும் அனுப்பிக்கிட்டே இருக்கு."

"அப்போ அம்மா சொன்னது..."

"அம்மா சொன்னதுதான் சரி. கூப்பிட்டது அவர்தான்."

டெஸ்டர் புரோகிராமருக்குப் போன் செய்து தேதியைச் சொன்னார். அந்த மெஷின் திரையை யாராவது தொட்டால் அதுவும் சர்வரில் பதிவாகும். புரோகிராமர் தேடி எடுக்க ஐந்து நிமிடம் ஆனது. எடுத்ததை ஸ்பீக்கரில் படித்தார்.

"ஆறு பத்துக்கு அப்புறம் ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை யாரோ திரையைத் தொட்டிருக்காங்க சார். வெளிச்சம் அணையாம இருக்கத் தொடற மாதிரி. கடைசித் தடவை ஆறு நாற்பத்தொண்ணு."

முப்பத்தொரு நிமிடம்.  

முதலில் தேறியது மகள்தான். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "அம்மாகிட்ட சொல்ல வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிடுங்க. ஏதோ மெஷின் கோளாறுன்னு சொல்லிடுவோம். அரை மணி நேரம் கீழே நின்னான், நீ திறக்கலைன்னு நினைச்சிட்டுப் போனான்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

டெஸ்டர் பிழையைப் பார்த்தார்.

"நான் வீட்டு மனுஷி இல்லை," என்றாள் பிழை. "ஆனா ஒண்ணு சொல்றேன். அவன் வரவே இல்லைன்னு நினைச்சுத்தான் பதினாலு மாசமா அவங்க செத்துக்கிட்டிருக்காங்க. வந்தான்கிறதை நாம ஒளிச்சு வச்சா, சர்வர் பண்ணினதையே நாமளும் பண்றோம். அப்புறம், வரி முடிவுல மூணு புள்ளி இருக்கு பாருங்க. இன்னும் ஏதோ எழுதியிருக்கான். அதைப் படிக்க நமக்கென்ன உரிமை இருக்கு?"

நர்ஸம்மா முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அன்னிக்கு மழையா?"

"இல்லம்மா," என்றாள் மகள். "வெயில்தான்."

"சரி." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "இப்போ என்ன பண்ணலாம்?"

"சல்லடையைச் சரி பண்ணினா செய்தி முழுசா வரும்," என்றார் டெஸ்டர். "ஆனா முழுசா வந்துட்டா மெஷின் திருப்திப்பட்டுடும். அதுக்கப்புறம் வராது. சரி பண்ணாம விட்டா தினமும் ஆறு பத்துக்கு இப்ப மாதிரியே வரும். இல்லைன்னா மெஷினைத் திறந்து இப்பவே படிச்சுடலாம்."

"திறக்க வேண்டாம். எனக்கு அனுப்பினது; எனக்கே வரட்டும்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "முழுசா வரட்டும்."

சாயங்காலம் ஐந்தரைக்குப் புரோகிராமரே வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். "மாத்திட்டேன்மா. ஒரே ஒரு வரிதான் மாத்தினேன்."

"முன்னாடியே அந்த ஒரு வரி இருந்திருந்தா அன்னிக்கு வந்திருக்குமா?"

அவர் தலை குனிந்தார். "வந்திருக்கும்மா."

நர்ஸம்மா அவரை வெகுநேரம் பார்த்தார். "மருந்து மாத்திக் கொடுத்த நர்ஸுங்க எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன். என் முகத்தைப் பார்த்து ஒத்துக்கிட்டவங்க ரெண்டே பேர். உள்ள வா."

ஆறு ஒன்பது ஆனது. பிழை சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். மகள் அம்மாவின் தோளைத் தொட்டபடி நின்றாள்.

டிங்.

நர்ஸம்மா திரைக்கு அருகே போனார். வார்டில் நோயாளியின் அட்டையைப் படிப்பது போல, ஒவ்வொரு சொல்லாக, சத்தமாகப் படித்தார்.

"அம்மா கதவு திற. தப்பு என்மேலதான். ரொம்பப் பசிக்குது."

பச்சைப் பொத்தானை அழுத்தினார். கீழே கேட் திறந்து, தானாக மூடிக்கொண்டது. அவர் இந்தத் தடவை வாசலுக்குப் போகவில்லை. நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டு அங்கேயே நின்றார். தோள்கள் குலுங்கின, சத்தம் வரவில்லை. மகள் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். டெஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாழ்க்கையில் முதல் முறையாகப் பிழைக்கு ஒரு வார்த்தையும் திருத்தத் தோன்றவில்லை.

பிறகு நர்ஸம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். அடுப்பைப் பற்ற வைக்கும் ஓசை கேட்டது.

"யாரும் போகாதீங்க. அரை மணி நேரம் ஆகும்," என்றார் உள்ளேயிருந்து.

சொன்னபடி அரை மணியில் சோறும் குழம்பும் மேசைக்கு வந்தன. டெஸ்டர் உட்கார்ந்தார். பிழை தட்டுகளைப் போட்டாள். மகள் கரண்டியைக் கையில் எடுத்தாள்.

"கொஞ்சம் பொறு," என்றார் நர்ஸம்மா. "அவனும் வந்துடட்டும்."

மகளின் கை அந்தரத்தில் நின்றது. பிழை டெஸ்டரைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறையில் குழம்பின் ஆவி எழுவது தவிர வேறு அசைவு இல்லை.

குளியலறைக் குழாய் நின்றது. புரோகிராமர் ஈர முகத்தோடு, கண்கள் வீங்கி, தயங்கித் தயங்கி வெளியே வந்தார்.

"உட்காருப்பா," என்றார் நர்ஸம்மா. கரண்டியை மகளிடமிருந்து வாங்கி, முதலில் அவன் தட்டில் சோற்றைப் போட்டார்.